ஹைனகனின் 2022, 2023 கணக்கு: வருவாய் ஏறியது, பியர் இறங்கியது. ஐரோப்பா ஒன்றானதில் யாருக்கு லாபம்?

தராசு:
பல்கேரியா 2026 ஜனவரி 1 முதல் யூரோவுக்கு மாறியதைப் பற்றி வேறொரு இழையில் பேச்சு ஓடியபோது, ஒரே நாணயம் ஒரே சந்தை என்று ஆக ஆகப் பெரிய கம்பெனிகள் விலைவாசி உயர்வைச் சுலபமாகத் தாண்டிவிடும் என்று ஒருவர் எழுதியிருந்தார். அப்படிப் பொதுவாகச் சொல்லிவிட்டுப் போவதில் எனக்கு உடன்பாடில்லை, ஒரு கம்பெனியின் கணக்கை விரித்து வைத்துப் பார்த்துவிடலாம் என்றுதான் இந்த இழை. நான் எடுத்துக்கொண்டது ஹைனகன். ஆம்ஸ்டர்டாமில் 1864இல் தொடங்கியது, இன்று ஐரோப்பாவின் மிகப் பெரிய பியர் கம்பெனி. யூரோ மண்டலத்தில் பணவீக்கம் 10.6% என்ற உச்சத்தைத் தொட்டது 2022 அக்டோபரில். அதனால் 2022, 2023 இரண்டு ஆண்டுகளையும் சேர்த்துப் படித்தால்தான் கதை புரியும், ஒன்றை மட்டும் படித்தால் தப்பான முடிவுக்குத்தான் வருவோம்.

2022இல் மொத்த வருவாய் சுமார் 3,468 கோடி யூரோ. கலால் வரியைக் கழித்தால் நிகர வருவாய் 2,869 கோடி. புதிதாக வாங்கிய கம்பெனிகளையும் நாணய மாற்று விகிதத்தையும் ஒதுக்கிவிட்டுப் பார்த்தாலும் 21.2% வளர்ச்சி. விற்ற பியர் 25.69 கோடி ஹெக்டோலிட்டர் (ஒரு ஹெக்டோலிட்டர் 100 லிட்டர்), அதே முறையில் 6.9% கூடுதல். செயல்பாட்டு லாபம் 450 கோடி யூரோ, 24% ஏற்றம். பத்திரிகைகள் கொண்டாடின.

2023க்கு வாருங்கள். மொத்த வருவாய் 3,637 கோடி, நிகர வருவாய் 3,031 கோடி, இன்னும் 5.5% ஏறியிருக்கிறது. ஆனால் பியர் 24.26 கோடி ஹெக்டோலிட்டராக இறங்கிவிட்டது, அதே முறையில் பார்த்தால் 4.7% சரிவு. செயல்பாட்டு லாபம் 444 கோடி. வருவாய் ஏறுகிறது, சரக்கு குறைகிறது, லாபம் நின்ற இடத்திலேயே நிற்கிறது. இதை வளர்ச்சி என்று என்னால் சொல்ல முடியவில்லை. விலைவாசி ஏறும் காலத்தில் பியர் கம்பெனியின் கணக்கை ஹெக்டோலிட்டரில்தான் படிக்க வேண்டும், யூரோவில் படித்தால் ஏமாந்துபோவோம் என்பது என் கட்சி. மற்றவர்கள் சொல்லுங்கள்.

பங்குப்பித்தன்:
தராசு அண்ணா, 2022ஐ இவ்வளவு சீக்கிரம் தள்ளிவிடாதீர்கள். 21.2% வருவாய் வளர்ச்சியில் 6.9% அளவு என்றால் மீதி, கணக்குப் போட்டால், ஹெக்டோலிட்டருக்குச் சுமார் 13% விலை ஏற்றம். கொஞ்சம் விலை கூடின ரகங்களுக்கு ஆட்கள் மாறியதும் அதில் சேர்ந்தே இருக்கும். இவ்வளவு ஏற்றிய பிறகும் ஆட்கள் முந்தைய ஆண்டைவிட அதிகமாகக் குடித்திருக்கிறார்கள். விலையைத் தாங்கும் பிராண்டு என்றால் முதலீட்டாளன் தேடுவது இதைத்தானே? பங்கு ஒன்றுக்கு டிவிடெண்டும் 1.24 யூரோவிலிருந்து 1.73 யூரோவுக்குப் போனது.

இன்னொன்று, நிகர லாபத்தைப் பார்க்கிறவர்கள் கவனிக்க வேண்டும். 2021இல் 332 கோடி, 2022இல் 268 கோடி. லாபம் விழுந்துவிட்டது என்று சிலர் எழுதினார்கள். காரணம் நம் ஊர் யுனைடெட் ப்ரூவரீஸ்தான். 2021 ஜூலையில் ஹைனகன் கிங்ஃபிஷர் கம்பெனியில் தன் பங்கை 61.5% ஆக்கிக் கட்டுப்பாட்டைக் கையில் எடுத்தபோது, ஏற்கெனவே வைத்திருந்த பங்கைச் சந்தை மதிப்புக்கு மறுமதிப்பீடு செய்தார்கள். அதில் மட்டும் சுமார் 127 கோடி யூரோ காகித லாபம் வந்தது. அதை எடுத்துவிட்டுப் பார்த்தால் 2022 நன்றாகவே இருக்கிறது.

தராசு:
2022இல் ஆட்கள் அதிகமாகக் குடித்தார்கள் என்பதில் ஒரு பகுதி கொரோனா. 2021இன் முதல் பாதியில் ஐரோப்பாவில் பார்களும் உணவகங்களும் பல மாதம் மூடிக் கிடந்தன. அவ்வளவு தாழ்ந்த இடத்திலிருந்து ஏறுவதை விலையைத் தாங்கும் வலு என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. யுனைடெட் ப்ரூவரீஸ் விளக்கம் சரி, அதில் மறுப்பில்லை.

மண்வாசம்:
நான் உணவுப் பதப்படுத்தும் ஆலைகளில் உற்பத்திப் பக்கம் வேலை பார்க்கிறவள், பியர் ஆலை நேரடி அனுபவம் குறைவு. ஆனால் செலவு எங்கிருந்து வருகிறது என்று சொல்ல முடியும். 2022 ஏன் நன்றாகத் தெரிந்தது, 2023 ஏன் சறுக்கியது என்பதற்கு விடை செலவுப் பக்கத்தில்தான் இருக்கிறது.

பார்லி, அலுமினியம், எரிவாயு எதையும் பெரிய கம்பெனி அன்றன்று சந்தைக்குப் போய் வாங்குவதில்லை. பல மாதங்களுக்கு முன்பே விலையைப் பேசிப் பூட்டி வைத்துவிடும். 2022 பிப்ரவரியில் ரஷ்யா உக்ரைன் மேல் படையெடுத்தபோது பார்லி விலை எகிறியது, இரண்டு நாடுகளுமே பெரிய பார்லி ஏற்றுமதியாளர்கள். ஐரோப்பிய எரிவாயு விலை 2022 ஆகஸ்ட் கடைசியில் மெகாவாட் மணிக்கு 300 யூரோவைத் தாண்டியது. ஆனால் பூட்டி வைத்த விலையில் ஓடிக்கொண்டிருந்த கம்பெனிக்கு அந்த அடி முழுதாக வலித்தது அடுத்த ஆண்டில். பியரின் விலையை 2022இலேயே ஏற்றியாகிவிட்டது, செலவு 2023இல் வந்து சேர்ந்தது. அதனால் 2022 கணக்கு உண்மையைவிட அழகாகத் தெரிந்தது.

பியர் என்றால் பார்லியும் ஹாப்ஸும் தண்ணீரும் என்று நினைக்கிறோம். பணமாகப் பார்த்தால் புட்டியும் கேனும் எரிசக்தியும்தான் பெரிய பங்கு. கண்ணாடி உலை சுமார் 1,500 டிகிரியில் இரவும் பகலும் எரிய வேண்டும். எரிவாயு விலை ஏறிவிட்டது, ஒரு மாதம் நிறுத்தி வைப்போம் என்றால் முடியாது, உள்ளே இருக்கும் கண்ணாடி இறுகி உலையே போய்விடும். முளைவிட்ட பார்லியை உலர்த்தி மால்ட் ஆக்குவதற்கும் சூடு வேண்டும். இதோடு 2022 கோடையில் கார்பன் டை ஆக்சைடு தட்டுப்பாடு வேறு. எரிவாயு விலை தாங்காமல் உர ஆலைகள் அம்மோனியா உற்பத்தியைக் குறைத்தன. அங்கே துணைப் பொருளாக வரும் வாயுவைத்தான் பல பானக் கம்பெனிகள் வாங்குகின்றன. நொதித்தலின்போது வரும் வாயுவைத் தானே பிடித்து வைக்கும் வசதி உள்ள பெரிய ஆலைகள் தப்பின. ஜெர்மனியில் சின்ன ஆலைகள் மிகவும் திண்டாடின. கலன் கழுவுவதற்கும் நிரப்புவதற்கும்கூட அந்த வாயு வேண்டும், அது இல்லாவிட்டால் பியர் தொட்டியிலேயே நிற்கும்.

வடலி:
தங்கச்சி சொன்னது முழுக்கச் சரி. நான் ஜேர்மனியில் குடிபானங்கள் மட்டும் விற்கிற கடை ஒன்றில் வேலை. அந்த வருடம் எங்களுக்கு வந்த தலையிடி பியர் இல்லை, போத்தல்.

இங்கே பியர் போத்தலுக்கு 8 சதம், அதாவது 8 சென்ட், முற்பணம். குடித்துவிட்டுத் திருப்பித் தந்தால் அந்த 8 சதம் திரும்பக் கிடைக்கும். 20 போத்தல் கொண்ட பெட்டி என்றால் பெட்டிக்கு 1.50, போத்தல்களுக்கு 1.60, எல்லாமாக 3 யூரோ 10 சதம். நான் இந்த வேலைக்கு வந்த காலத்திலிருந்து இந்தக் கணக்கு மாறவேயில்லை. ஆனால் புதுப் போத்தலின் விலை 2022இல் எகிறிவிட்டது. 8 சதம் தானே என்று சனம் வெறும் போத்தலை வீட்டு நிலவறையில் அடுக்கி வைத்திருக்கும், ஆலைக்காரன் அந்த இடத்தை நிரப்ப அதைவிடப் பலமடங்கு கொடுத்துப் புதுப் போத்தல் வாங்க வேண்டும். பியர் ஆலைகள் போத்தலைக் கொண்டுவாருங்கள் என்று சனத்திடம் பகிரங்கமாகக் கேட்டன. சின்ன ஆலைக்காரர் ஒருவர் எங்கள் கடைக்கே நேரில் வந்து பெட்டி பெட்டியாக ஏற்றிக்கொண்டு போனார். அவருக்கு முன்கூட்டி விலை பேசிப் பூட்டுகிற வசதியெல்லாம் எங்கே இருக்கிறது?

ஆகவே ஹைனகன் போன்ற பெரிய கொம்பனியின் கணக்கை வைத்து ஐரோப்பாவின் பியர் தொழிலை அளக்காதீர்கள். அவர்களுக்கு 2023 ஒரு சறுக்கல். சின்ன ஆலைக்கு அது வாழ்வா சாவா என்ற வருடம்.

தராசு:
வடலி அண்ணா, இந்த விவரம் எந்த ஆண்டறிக்கையிலும் கிடைக்காது, நன்றி.

மண்வாசம் சொன்ன கால இடைவெளி எண்களிலேயே தெரிகிறது. 2023 முதல் ஆறு மாதத்தில் ஹைனகனின் பியர் அளவு 5.6% சரிந்தது, செயல்பாட்டு லாபம் 8.8% விழுந்தது. ஜூலை 31 அன்று அந்த முடிவோடு முழு ஆண்டு இலக்கையும் குறைத்தார்கள். அதற்கு முந்தைய ஆண்டு ஆகஸ்டிலேயே 17% லாப விகிதம் என்ற 2023 இலக்கைக் கைவிட்டிருந்தார்கள். 2019இல் 16.8% இருந்த விகிதம், 2022இல் 15.7%, 2023இல் 14.7%. விலையை ஏற்றிக்கொண்டே போயும் நூறு யூரோவில் நிற்கும் லாபம் குறைந்துகொண்டே வருகிறது. செலவை வாடிக்கையாளர் தலையில் முழுதாக ஏற்ற முடியவில்லை என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டாம்.

பங்குப்பித்தன்:
அண்ணா, விகிதம் குறைவதை மட்டும் வைத்து முடிவுக்கு வரக் கூடாது. 10 யூரோ செலவு ஏறியது, 10 யூரோ விலையை ஏற்றினேன் என்றால் கையில் நிற்கும் காசு அதேதான், ஆனால் விகிதம் தானாகவே குறையும். இது கூட்டல் கழித்தல். 2023இல் அளவு குறைந்ததில் பெரும்பகுதி வியட்நாமும் நைஜீரியாவும். வியட்நாமில் பொருளாதாரம் மந்தம், நைஜீரியாவில் பணத்தாள் தட்டுப்பாடும் நைரா வீழ்ச்சியும். அதை ஐரோப்பாவின் தலையில் கட்டாதீர்கள்.

தராசு:
ஐரோப்பாவிலும் அளவு குறைந்தது, பெரிய சூப்பர்மார்க்கெட்டுகளோடு விலைப் பேச்சு இழுத்தடித்ததும் அதற்கு ஒரு காரணம். ஆனால் விகிதம் பற்றிய உன் வாதம் நியாயமானது. அதனால்தான் ஹெக்டோலிட்டரில் பார்ப்போம் என்கிறேன்.

நுரை:
ஐயா, எனக்கு இந்தக் கோடிக் கணக்கு எதுவும் மனதில் நிற்கவில்லை. நான் ஒரு அரை லிட்டர் பியர் வாங்கினால் அதில் கம்பெனிக்கு என்ன நிற்கிறது, அரசுக்கு என்ன போகிறது? அதை மட்டும் யாராவது சொல்ல முடியுமா?

தராசு:
தோராயமாகத்தான் சொல்ல முடியும், ஏனென்றால் இவர்கள் சைடர் என்ற ஆப்பிள் மதுவும் குளிர்பானமும்கூட விற்கிறார்கள், வியட்நாமில் ஒரு விலை, பாரிஸில் ஒரு விலை. எல்லாவற்றையும் பியர் மேலேயே ஏற்றிவிட்டு வகுத்தால் இப்படி வருகிறது. 2022இல் ஒரு ஹெக்டோலிட்டருக்கு, அதாவது 100 லிட்டருக்கு, கலால் போக வருவாய் சுமார் 112 யூரோ, செயல்பாட்டு லாபம் 17.5 யூரோ. 2023இல் வருவாய் 125 யூரோ, லாபம் 18.3 யூரோ. அரை லிட்டருக்கு என்று பார்த்தால் கம்பெனி வாங்குவது 56 சென்ட் இருந்து 62 சென்ட் ஆனது, அதில் லாபம் 9 சென்ட் அக்கம்பக்கம். அடுத்த ஆண்டும் அதே 9 சென்ட்தான், ஒரு சென்ட்டில் பாதிகூட ஏறவில்லை. ஏற்றிய 6 சென்ட்டில் ஐந்தரை சென்ட்டுக்கு மேல் மால்ட்டுக்கும் கண்ணாடிக்கும் மின்சாரத்துக்கும் சம்பளத்துக்கும் போய்விட்டது.

லாபம் ஹெக்டோலிட்டருக்கு சுமார் 4.5% ஏறியது. அதே ஆண்டு யூரோ மண்டலப் பணவீக்கம் சராசரி 5.4%. அதற்கு முந்தைய ஆண்டு 8.4%. இந்தக் கணக்கில் பேராசைப் பணவீக்கம், அதாவது செலவைச் சாக்காக வைத்து லாபத்துக்காக விலையை ஏற்றினார்கள், என்று கம்பெனியைத் திட்டவும் எனக்கு ஆதாரம் இல்லை, அருமையான ஆண்டு என்று மெச்சவும் ஆதாரம் இல்லை.

பனிக்கரடி:
நுரையின் இரண்டாவது கேள்விக்கு நான் வருகிறேன், நான் இருப்பது ஹெல்சிங்கியில். ஐரோப்பிய ஒருங்கிணைப்பு பியர் விஷயத்தில் எங்கே நின்றுபோய்விடுகிறது என்று இங்கே இருந்து பார்த்தால் நன்றாகத் தெரியும்.

கலால் வரிக்கு ஐரோப்பிய ஒன்றியம் ஒரு குறைந்தபட்ச அளவு மட்டும்தான் வைத்திருக்கிறது, அதுவும் 1992இல் போட்டது. ஹெக்டோலிட்டருக்கு ஒவ்வொரு சதவீத ஆல்கஹாலுக்கும் 1.87 யூரோ. 5% பியர் என்றால் அரை லிட்டருக்கு 5 சென்ட்கூட வராது. ஜெர்மனி கிட்டத்தட்ட அந்தக் குறைந்தபட்சத்திலேயே நிற்கிறது, அங்கே சாதாரண பியரில் அரை லிட்டருக்குச் சுமார் 5 சென்ட். அதே பியருக்கு பின்லாந்தில் கலால் மட்டும் சுமார் 90 சென்ட். தராசு சொன்ன கம்பெனி லாபம் 9 சென்ட், இங்கே அரசு எடுப்பது அதைப் போல் பத்து மடங்கு. பிறகு மொத்த விலைக்கும் மதிப்புக் கூட்டு வரி தனி. மால்ட் எல்லை தாண்டுகிறது, அலுமினியம் தாண்டுகிறது, நாணயம் ஒன்று, ஆனால் கடை அலமாரியில் ஒரே சந்தை என்பது கிடையாது.

அதனால் என்ன நடக்கிறது? ஆட்கள் கப்பல் ஏறுகிறார்கள். ஹெல்சிங்கியிலிருந்து டாலினுக்கு இரண்டு மணி நேரப் பயணம். ஒன்றியத்துக்குள் சொந்த உபயோகத்துக்கு 110 லிட்டர் பியர் வரை கொண்டுவந்தால் பொதுவாக யாரும் கேள்வி கேட்பதில்லை. தள்ளுவண்டி நிறையக் கட்டிக்கொண்டு வருவார்கள். 2017 ஜூலையில் எஸ்தோனியா தன் பியர் வரியைக் கடுமையாக ஏற்றியது. பின்லாந்துக்காரர்கள் வாங்குவது குறைந்தது மட்டுமில்லை, எஸ்தோனியர்களே தெற்கே லாட்வியாவுக்குப் போய் வாங்கத் தொடங்கினார்கள். எல்லையில் வால்கா பக்கம் அவர்களுக்கென்றே கடைகள் முளைத்தன. கடைசியில் எஸ்தோனியா 2019 ஜூலை 1 முதல் வரியை 25% குறைக்க வேண்டியதாயிற்று. பணம் போகிற வழியைப் பார்த்து ஓர் அரசு தன் வரியையே மாற்றியிருக்கிறது. ஒருங்கிணைப்பு என்பது பிரஸ்ஸல்ஸில் கையெழுத்துப் போடுவது மட்டும் இல்லை, சாதாரண ஆட்கள் கால்நடையாகவும் கப்பலிலும் அதை நடத்திக்கொண்டிருக்கிறார்கள்.

மண்வாசம்:
அருமையான பதிவு. ஆனால் கலால் என்பது ஒவ்வொரு நாடும் தன் மக்கள் நலனுக்காக எடுக்கும் முடிவு, பின்லாந்து குடியைக் குறைக்க நினைக்கிறது, அதில் எனக்குக் குறை தெரியவில்லை. எனக்குக் கோபம் வருவது கம்பெனிகளே சந்தைக்குள் வேலி போடும்போது.

ஜூபிலர் வழக்கு தெரிந்திருக்கும். பெல்ஜியத்தில் அதிகம் விற்கும் பியர் அது, ஏபி இன்பெவ் என்ற பெரிய பியர் கம்பெனியின் தயாரிப்பு. நெதர்லாந்தில் போட்டி அதிகம் என்பதால் அங்கே அதே ஜூபிலரை மலிவாகக் கொடுத்தார்கள். பெல்ஜியக் கடைக்காரர்கள் பக்கத்து நாட்டில் வாங்கி வந்து விற்றுவிடக் கூடாது என்பதற்காக, நெதர்லாந்துக்குப் போகும் கேன்களில் பிரெஞ்சு மொழியில் இருக்க வேண்டிய விவரத்தை எடுத்துவிட்டார்கள், கேனின் வடிவமைப்பையும் அளவையும்கூட மாற்றினார்கள். பெல்ஜியத்தில் பிரெஞ்சு விவரம் இல்லாமல் விற்பது சிக்கல். 2009 முதல் 2016 வரை இது நடந்தது. 2019 மே மாதம் ஐரோப்பிய ஆணையம் 20 கோடி யூரோவுக்கு மேல் அபராதம் போட்டது.

அதாவது கொள்முதலுக்கு ஐரோப்பா முழுதும் ஒரே சந்தை வேண்டும், விற்பனைக்கு மட்டும் நாட்டுக்கு நாடு தனிச் சந்தை வேண்டும். 2024 மே மாதம் மாண்டலீஸ் என்ற உணவுக் கம்பெனிக்கு 33.75 கோடி யூரோ அபராதம் விழுந்ததும் சாக்லேட், பிஸ்கட்டில் இதே மாதிரியான தடுப்பு வேலைக்குத்தான். விலைவாசி ஏறிய ஆண்டுகளில் இந்த வேலி நுகர்வோரை இன்னும் அதிகமாக வாட்டியது என்று நான் நினைக்கிறேன்.

பங்குப்பித்தன்:
அக்கா, அது ஏபி இன்பெவ். நாம் பேசிக்கொண்டிருப்பது ஹைனகன்.

மண்வாசம்:
ஹைனகனுக்கும் வரலாறு உண்டு. நெதர்லாந்தில் 1996 முதல் 1999 வரை பியர் விலையைக் கூட்டாகப் பேசி வைத்துக்கொண்டதற்காக 2007 ஏப்ரலில் ஆணையம் ஹைனகன், கிரோல்ஷ், பவேரியா என்ற மூன்று பியர் கம்பெனிகளுக்கும் சேர்த்து 27 கோடி யூரோவுக்கு மேல் அபராதம் விதித்தது. அதில் சுமார் 22 கோடி ஹைனகனுக்கு, பிறகு நீதிமன்றம் 19.8 கோடியாகக் குறைத்தது. அதே கூட்டில் இருந்த இன்பெவ் (இன்றைய ஏபி இன்பெவ்) முதலில் போய்த் தகவல் கொடுத்ததால் அபராதம் இல்லாமல் தப்பியது. ஒரே சந்தையில் காவல் வேலை பார்ப்பது ஆணையம்தான். அதுவும் ஒருங்கிணைப்பின் பலன், அதை மறந்துவிட்டு யூரோவை மட்டும் பேசினால் பாதிக் கதைதான்.

வடலி:
ஜேர்மனிக்கும் ஒருமுறை அடி விழுந்தது. 1987 மார்ச்சில் ஐரோப்பிய நீதிமன்றம், மால்ட், ஹாப்ஸ், ஈஸ்ட், தண்ணீர் தவிர வேறு சேர்க்கக் கூடாது என்ற தங்கள் தூய்மைச் சட்டப்படி காய்ச்சாத வெளிநாட்டுப் பியரை ஜேர்மனி பியர் என்ற பெயரில் விற்கவிடாமல் தடுத்தது பிழை என்று தீர்ப்புச் சொன்னது. பல நூறு வருடப் பாரம்பரியம் அழிந்துவிடும் என்று அப்போது பெரிய கூச்சல். இன்றைக்கும் எங்கள் கடையில் சனம் கேட்பது பக்கத்து ஊர் ஆலையின் பியரைத்தான். சந்தையைத் திறந்துவிட்டால் உள்ளூர்க்காரன் செத்துவிடுவான் என்பது இந்த இடத்தில் நடக்கவில்லை. அவனை உண்மையில் நெரித்தது 2022இன் எரிவாயு விலை.

தராசு:
இப்போது யூரோ விஷயத்துக்கு வருவோம், இழையைத் தொடங்கியதே அதற்காகத்தான். குரோஷியா நல்ல உதாரணம், ஏனென்றால் அது யூரோவுக்கு மாறியது 2023 ஜனவரி 1 அன்று, சரியாக நம் இரண்டு ஆண்டுகளுக்கு நடுவில். ஒரு யூரோவுக்கு 7.5345 குனா. உள் எல்லைகளில் வழக்கமான சோதனை இல்லாத ஷெங்கன் பகுதியிலும் அதே நாளில் சேர்ந்தது. அங்கே கார்லோவாட்ஸ் நகர ஆலை 2003 முதல் ஹைனகனுடையது, பக்கத்து ஸ்லோவேனியாவில் லாஷ்கோ, யூனியன் என்ற ஆலைகள் 2015 முதல். அன்று எல்லைச் சோதனை நீக்கப்பட்டது, இரண்டு பக்கமும் ஒரே நாணயம். பக்கத்து ஆலையிலிருந்து லாரியில் சரக்கு வருவது, மால்ட் வாங்குவது, கணக்கு எழுதுவது எல்லாமே இலகுவாகிறது.

ஆனால் கணக்கில் இது எவ்வளவு? குனா 2020 ஜூலையிலிருந்தே யூரோவோடு கட்டிய நாணயம்தான், அதற்கு முன்பும் பெரிதாக ஆடியதில்லை. பல்கேரியாவின் லெவ் 1999 முதல் 1.95583 என்ற ஒரே விகிதத்தில் நின்றது. நாணய ஆபத்து ஏற்கெனவே இல்லாத இடத்தில் யூரோ வந்து அதைத் தீர்த்தது என்று சொல்வதில் பொருள் இல்லை. ஹைனகனுக்கு நாணயத்தால் உண்மையில் காயம் பட்டது நைராவில். மேலே ஒருவர் சொன்னதாக நான் எழுதிய அந்த வாதம் இந்த இடத்தில்தான் உடைகிறது. யூரோ வசதி, அதை மறுக்கவில்லை, ஆனால் எரிவாயு பத்து மடங்கு ஏறும்போது அந்த வசதி கேடயம் ஆகாது.

மக்கள் பக்கத்தில் வேறு விதமாக நடந்தது. குரோஷிய அரசு 2022 செப்டம்பர் 5 முதலே கடைகளில் இரண்டு நாணயத்திலும் விலை போட வேண்டும் என்று சட்டம் வைத்திருந்தது. அப்படியிருந்தும் ஜனவரி முதல் வாரத்திலேயே சில்லறையை மேல்நோக்கி முழு எண்ணாக்கி விலையை ஏற்றிவிட்டார்கள் என்று ஊரெல்லாம் கொந்தளிப்பு. டிசம்பர் 31 விலைக்குத் திரும்புங்கள் என்று அரசு கடைக்காரர்களிடம் கறாராகச் சொல்ல வேண்டி வந்தது. மாற்றத்துக்கு முந்தைய ஆண்டிலேயே அங்கே பணவீக்கம் 10%க்கு மேல், அந்தக் கோபத்தில் பாதி ஏற்கெனவே சேர்ந்து கிடந்தது.

பனிக்கரடி:
ரஷ்யாவை யாரும் தொடவில்லையே. ஐரோப்பியச் சந்தை விரிந்துகொண்டே போகும் என்ற நம்பிக்கையில் 2000களில் எல்லாரும் கிழக்கே போனார்கள். ஹைனகன் 2022 மார்ச் 28 அன்று வெளியேறுவதாக அறிவித்தது, முடித்தது 2023 ஆகஸ்டில், ஏழு ஆலைகளையும் ஆர்னெஸ்ட் என்ற ரஷ்யக் கம்பெனிக்கு ஒரு யூரோவுக்குக் கொடுத்தது. இழப்பு 30 கோடி யூரோ. 1,800 ஊழியர்களுக்கு மூன்று ஆண்டு வேலை உத்தரவாதம் வாங்கிக்கொண்டார்கள், அது நல்ல விஷயம். டேனிஷ் கம்பெனி கார்ல்ஸ்பெர்க்குக்கு அடி இன்னும் பெரிது, அவர்களுடைய ரஷ்யக் கம்பெனியான பால்டிகாவை 2023 ஜூலையில் ரஷ்ய அரசு தன் நிர்வாகத்தில் எடுத்துக்கொண்டது. 2022இல் நல்ல விற்பனை இருந்தும் ரஷ்ய மதிப்பைத் தள்ளுபடி செய்ததால் கார்ல்ஸ்பெர்க் நிகர நஷ்டம் காட்டியது. கணக்கில் விலைவாசியைவிடப் போர்தான் பெரிய அடி.

பங்குப்பித்தன்:
ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ஒன்று கேட்கிறேன், விலையை ஏற்ற சுதந்திரம் இருந்ததால்தானே ஐரோப்பாவில் அந்த 9 சென்ட்டாவது மிஞ்சியது? நம் பக்கம் பாருங்கள். இதே ஹைனகனின் யுனைடெட் ப்ரூவரீஸுக்கும் பார்லியும் புட்டியும் ஏறின, ஆனால் இங்கே பெரும்பாலான மாநிலங்களில் அரசு சம்மதிக்காமல் ஒரு ரூபாய் ஏற்ற முடியாது. தெலங்கானாவில் 2019-20க்குப் பிறகு அடிப்படை விலையை மாற்றவில்லை, பாக்கியும் நிற்கிறது என்று 2025 ஜனவரியில் கம்பெனி சப்ளையையே நிறுத்தியது. பிப்ரவரியில்தான் 15% ஏற்றம் கிடைத்தது. ஒவ்வொரு மாநிலமும் தனி வரி, தனி லேபிள், தனி அனுமதி. ஒரே நாணயம், ஒரே நாடு, ஆனால் பியரில் ஐரோப்பா அளவுக்குக்கூட ஒரே சந்தை இல்லை. ஐரோப்பாவில் குறை சொல்கிற இடத்தில் எனக்கு இது உறுத்துகிறது.

தராசு:
அது நல்ல ஒப்பீடு, தனி இழைக்கு உரியது. நீயே தொடங்கு, நான் வருகிறேன்.

ஆனால் விலைச் சுதந்திரத்துக்கும் ஒரு எல்லை உண்டு என்று 2023 காட்டிவிட்டது. 2022இல் 13% ஏற்றம், அடுத்த ஆண்டு இன்னொரு 11% அளவுக்கு. இரண்டும் சேர்ந்தால் கால் பங்கு. அதற்குப் பிறகு ஆட்கள் வீட்டுக்கு வாங்குவதைக் குறைத்தார்கள், சூப்பர்மார்க்கெட்டின் சொந்த பிராண்டுக்குப் போனார்கள். 1.43 கோடி ஹெக்டோலிட்டர் ஓராண்டில் காணாமல் போனது. அதில் ரஷ்யாவை விற்றது ஒரு சிறு பகுதி, வியட்நாமும் நைஜீரியாவும் பெரும்பகுதி, மீதி ஐரோப்பியக் குடும்பங்கள் மளிகைச் செலவைச் சுருக்கியது.

வடலி:
அதை நான் கல்லாவில் நின்று பார்த்தேன். முந்தி இரண்டு பெட்டி எடுத்தவர்கள் ஒரு பெட்டி எடுத்தார்கள். தள்ளுபடி விலை வருகிற கிழமைக்குக் காத்திருந்து வாங்கினார்கள். இங்கே ஒரு பெட்டி பியர் 10 யூரோவுக்குக் கீழே இருக்க வேண்டும் என்பது சனத்தின் மனதில் ஊறிய கணக்கு. அந்தக் கோட்டைத் தாண்டிய பிராண்டுகளை அப்படியே விட்டுவிட்டு அடுத்ததற்குப் போனார்கள்.

நுரை:
சம்பந்தம் இருக்கிறதா தெரியவில்லை, ஹைனகன் குடும்பத்தில் ஒருவர் ஐரோப்பாவைத் துண்டு துண்டாகப் பிரிக்கச் சொன்னார் என்று எங்கோ படித்தேன். உண்மையா?

பனிக்கரடி:
உண்மைதான், ஃப்ரெடி ஹைனகன். நிறுவனரின் பேரன், பல ஆண்டு கம்பெனியை நடத்தியவர். ஐரோப்பிய ஒன்றியத்தை உருவாக்கிய மாஸ்ட்ரிக்ட் ஒப்பந்தம் கையெழுத்தான அதே 1992இல், இரண்டு வரலாற்றாசிரியர்களோடு சேர்ந்து ஒரு யோசனையை வெளியிட்டார். பெரிய நாடுகளைப் பிரித்து ஐரோப்பாவை 75 சிறு நாடுகளாக ஆக்கி, எல்லாம் ஓர் ஒன்றியத்துக்குள் இருக்கட்டும், ஒவ்வொன்றிலும் 50 லட்சம் முதல் ஒரு கோடி பேர் என்று. பெரிய நாடுகளின் ஆதிக்கம் இல்லாத ஒன்றியம்தான் நிலைக்கும் என்பது அவர் எண்ணம். உள்ளூர்ப் பெயர்களில் பல பியர்களை வைத்துக்கொண்டு மேலே ஒரே நிர்வாகம் நடத்தியவருக்கு அப்படித் தோன்றியதில் எனக்கு ஆச்சரியம் இல்லை.

மண்வாசம்:
தராசு அண்ணா, அடுத்த முறை ஆண்டறிக்கை வரும்போது முதலில் எதைப் பார்க்க வேண்டும்? நிதி அட்டவணைகளில் நான் தொலைந்துபோகிறேன்.

தராசு:
முதல் பக்க வருவாய் எண்ணைத் தாண்டிவிடுங்கள். மண்டலவாரி அட்டவணைக்குப் போய் ஐரோப்பா வரிசையில் பியர் அளவு எத்தனை ஹெக்டோலிட்டர் என்று எழுதிக்கொள்ளுங்கள், அதன் பக்கத்திலேயே நிகர வருவாயும் செயல்பாட்டு லாபமும் இருக்கும், இரண்டையும் அளவால் வகுங்கள். முந்தைய மூன்று ஆண்டுக்கும் இதையே செய்தால் போதும். அப்புறம் மூலப்பொருள் குறிப்பில் விலையை எவ்வளவு காலத்துக்குப் பூட்டி வைத்திருக்கிறார்கள் என்று ஒரு பத்தி இருக்கும், நீங்கள் சொன்ன அந்தக் கால இடைவெளி அங்கேதான் பிடிபடும். வெவ்வேறு கம்பெனிகளை ஒப்பிடும்போது கலால் கழித்த வருவாயா கழிக்காததா என்று பார்த்துக்கொள்ளுங்கள், ஹைனகன் இரண்டையும் தருகிறது. நான் கார்ல்ஸ்பெர்க்குக்கு இதே கணக்கைப் போட்டுக்கொண்டிருக்கிறேன், டேனிஷ் குரோனிலிருந்து மாற்றி முடித்ததும் இங்கேயே போடுகிறேன்.